பித்தளைக் குடத்தில் ஏன் விரிசல்?

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்கள் பல, பாட்டி காலத்துப் பித்தளைக் குடத்தை இன்னும் வைத்திருக்கின்றன. கீழே விழாத குடத்தின் கழுத்தில் ஒருநாள் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். பழசாகிவிட்டது என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். வயது அதற்குக் காரணமில்லை.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. 70 விழுக்காடு செம்பு உள்ள கலவை அடித்து வளைக்க மிகவும் ஏற்றது. நுண்ணோக்கியில் பார்த்தால் பொடிப்பொடியான படிக மணிகள் நெருங்கிக் கிடக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சுத்தியல் விழும்போது அந்த அடுக்குகள் வழுக்கிக் கொடுப்பதால்தான் தகடு உடையாமல் வளைகிறது. அடிக்க அடிக்க அடுக்குகளில் சிக்கல் பெருகி, வழுக்க வழியில்லாமல் தகடு விறைத்துவிடும். மேலும் அடித்தால் கிழியும்.

அப்போது பாத்திரம் செய்யும் கன்னார் அதை உலையில் காய்ச்சுவார். 450 முதல் 650 டிகிரி செல்சியஸ் சூட்டில், நசுங்கிய மணிகளுக்கிடையே சிக்கலற்ற புது மணிகள் முளைத்துப் பழையவற்றின் இடத்தைப் பிடிக்கும். தகடு மறுபடி இளகும். சூடு மிஞ்சினால் மணிகள் பெருத்துவிடும்; பிறகு வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். வெப்பமானி இல்லாமல், நிறத்தை வைத்தே இந்த அளவைப் பிடித்தவர்கள் நம் கன்னார்கள். அது பெரிய அறிவு.

கடைசி அடிக்குப் பிறகு காய்ச்சாமல் விட்ட பாத்திரத்துக்குள் இழுவிசை தங்கிவிடும். அதோடு ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் மணிகளின் எல்லை வழியே விரிசல் ஓடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கிக் குண்டுகளின் பித்தளை உறைகள் இப்படித்தான் வெடித்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியாவே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் விளக்கினார்கள்.

தோட்டத்தில் அமோனியாவுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் பால் உறையாமலிருக்க அதைத்தான் கலந்தார்கள். 1917இல் இதே வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராகக் காலூன்றிய செம்பனை, பின்னாளில் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. அதற்கு உரமாகப் போடும் யூரியாவும் ஈரத்தில் சிதைந்து அமோனியாவை வெளிவிடும்.

ஆகவே குடத்தை உர மூட்டைக்கும் கோழிக்கூண்டுக்கும் அருகில் வைக்காதீர்கள். அமோனியா கலந்த திரவத்தால் துலக்க வேண்டாம், புளி போதும். நசுங்கலை எடுக்கக் கொடுத்தால், அடித்து முடித்ததும் 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். இழுவிசை தணியும், உறுதி குறையாது. ஈயம் பூசுவதாக இருந்தால் அதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்; வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.