உங்களுக்குத் தெரியுமா? பாசி, ரிப்பன், பொடி டப்பா மூடி

வட அமெரிக்கப் பெரும் ஏரிகளைச் சுற்றி, கனடாவிலும் அமெரிக்காவிலுமாக வாழும் பழங்குடியினர் அனிஷினாபே மக்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டாவாட்டமி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவர்களின் சடங்கு உடையில் கண்ணைப் பறிக்கும் பொருள்கள் பலவும் கடல் கடந்து வந்த வியாபாரச் சரக்கு. உடையைப் பார்த்தால் நம்ப முடியாது.

● பாசிமணிக்கு முன்னால் இருந்தது முள்ளம்பன்றி முள். ஊறவைத்து, தட்டையாக்கி, செடிகொடிச் சாயம் ஏற்றித் தோலில் தைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு முதல், விலங்குத் தோல் வாங்க வந்த ஐரோப்பிய வணிகர்கள் கண்ணாடி மணிகளைப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். முதலில் வெனிஸ் மணி, பிறகு பொஹீமியா மணி. முள் வேலையும் அழிந்துபோகவில்லை. ஹூரான் ஏரியின் மானிட்டூலின் தீவில் மரப்பட்டைப் பெட்டிகளை இன்றும் முள்ளால்தான் அலங்கரிக்கிறார்கள்.

● மணிக்கு சைஸ் நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற மணி சிறுத்துக்கொண்டே போகும்.

● பூ வேலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஊசிகள் வேண்டும். முதல் ஊசியின் நூலில் மணிகளைக் கோத்து, வரைந்த கோட்டின் மேல் படுக்கவைப்பார்கள். இரண்டாவது ஊசி பின்னாலேயே வந்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தையல் போட்டு அந்த நூலைத் துணியோடு பிடித்துவிடும். கோடு எப்படி வளைந்தாலும் மணி வரிசையும் கூடவே வளையும். கறுப்பு வெல்வெட்டில் கொடியும் இலையும் மொட்டும் அத்தனை நெளிவுசுளிவோடு ஓடுவது இந்த உத்தியால்தான்.

● 19ஆம் நூற்றாண்டில் ஒஜிப்வே ஆண்கள் குறுக்கே மாட்டிக்கொண்ட பெரிய பாசித் தோள்பைக்கு முன்மாதிரி, ஐரோப்பியச் சிப்பாய்களின் தோட்டாப் பை. தைத்தது பெண்கள், அணிந்தது ஆண்கள். சிலர் இரண்டு பைகளை மார்பில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக்கொள்வார்கள். சில பைகளில் கைவிட வாயே கிடையாது, முழுக்க அலங்காரம்! டகோட்டா மக்களிடம் ஒரு பைக்கு ஒரு குதிரை கிடைத்தது என்பார்கள்.

● ரிப்பன் வேலை என்றால் ஓரத்தில் ரிப்பன் வைத்துத் தைப்பது மட்டுமல்ல. ஒரு பட்டு ரிப்பனை வடிவமாக வெட்டி, விளிம்பை மடித்து, வேறு நிற ரிப்பன் மேல் பொடித் தையலால் பதிப்பார்கள். வெட்டிய இடத்தில் அடி நிறம் எட்டிப் பார்க்கும். பக்கத்து மெனோமினி இனத்தின் 1802ஆம் ஆண்டுத் திருமண உடை ஒன்று இந்த வேலைக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

● இனி, இந்த உடைகளிலேயே அபூர்வமானது. 1918இல் உலகை உலுக்கிய இன்ஃப்ளூயன்சா ஒஜிப்வே ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சிறுமி சாகக் கிடந்தாள். அவள் தந்தையின் கனவில் ஓர் உடையும் ஒரு நடனமும் வந்தன; உடையைத் தைத்து அவளை ஆடவைத்ததும் பிழைத்துக்கொண்டாள் என்பது வழிவழியாக வரும் கதை. இது நடந்தது மினசோட்டாவின் மில் லாக்ஸில் என்கிறார்கள் ஒரு சாரார். ஒன்டாரியோவின் வைட்ஃபிஷ் பே என்கிறார்கள் இன்னொரு சாரார். எந்த ஊரானாலும் ‘ஜிங்கிள்’ உடை பிறந்தது அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில்தான்.

உடை நிறைய வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள். புகையிலைப் பொடி டப்பாவின் மூடியை வெட்டிச் சுருட்டிக் கூம்பாக்கி, ரிப்பனிலோ நாடாவிலோ கோத்துத் தொங்கவிடுவார்கள். நம் சலங்கை காலில் ஒலிக்கும். இங்கே உடையே ஒலிக்கும். பழைய பாணியில் ஆடுகிறவர்கள் துள்ளிக் குதிப்பதில்லை. தரையை ஒட்டியே அடி வைப்பார்கள். ஒரு கூம்போடு இன்னொன்று உரசும் அந்த ஓசைதான் மருந்து என்பது அவர்கள் நம்பிக்கை.

● அந்த மருந்தையும் அரசு விட்டுவைக்கவில்லை. பழங்குடி நடனங்களை ஒடுக்கச் சொல்லி 1921இல் வாஷிங்டனிலிருந்து சுற்றறிக்கை போனது. கனடாவின் மேற்கு மாகாணங்களில், அனுமதியின்றித் தங்கள் ஒதுக்கிடத்துக்கு வெளியே மரபுடையில் ஆடுவது 1914 முதல் குற்றம். 1951இல்தான் அந்தத் தடை நீங்கியது. உடுத்தியதற்குத் தண்டனை! மடத்தனம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

● சடங்கு உடைக்கு வேண்டிய கழுகு இறகை நினைத்தபடி வாங்கிவிட முடியாது. 1940 முதல் அமெரிக்காவில் வெண்தலைக் கழுகுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இறந்த கழுகுகள் டென்வர் அருகே உள்ள அரசுக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து பழங்குடியினருக்குப் பங்கிடப்படுகின்றன. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

● 2020 டிசம்பர். கனடாவின் சஸ்காட்சுவானில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி ரிப்பன் பாவாடை உடுத்திப் பள்ளிக்குப் போனாள். கோட் என்ற சோல்ட்டோ ஊர்க்காரி. சோல்ட்டோ மக்களும் அனிஷினாபே வழியினரே. அன்று விசேஷ உடை அணிந்து வரும் நாள். ‘இது அந்தக் கணக்கில் சேராது’ என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. 2023 முதல் ஜனவரி 4 கனடாவில் தேசிய ரிப்பன் பாவாடை நாள்.

● அங்கே ‘பவ்வாவ்’ நடன விழாவுக்குப் போக வாய்த்தால், ஆடுகிறவர்களின் உடையைத் தொடுவதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் கேட்டுவிடுங்கள். பாசி வேலை வாங்குவதானால், செய்தவர் யார் என்று விசாரித்து வாங்குங்கள். போலிச் சரக்கைப் பழங்குடியினர் செய்தது என்று சொல்லி விற்பது அமெரிக்காவில் குற்றம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு.