வளைவு மட்டும் போதுமா?

பழஞ்சின்னம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் கண்முன் வந்து நிற்பவை கோயிலும் கோட்டையுமே ஆகும். நாமக்கல் மலைக்கோட்டையும் அதன் அடியிலுள்ள குடைவரைக் கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றின் மீது கை வைக்க எவரும் துணியார். ஆனால் மன்னன் கட்டியது மட்டுந்தான் வரலாறா? வணிகன் எழுப்பிய அங்காடிக்கும், பல குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழிற்கூடத்திற்கும் அதில் இடமில்லையா? வரலாற்று மாணவன் என்ற முறையில் என்னை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி இது.

சேலம் இழந்த செல்வம்

தொலைவில் தேட வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் பயணம் செய்யும் நாம் அனைவரும் ஒரு நுழைவு வளைவைக் கண்டிருக்கிறோம். அதுவே மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் எஞ்சிய அடையாளம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் நுட்பம் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அந்த நிறுவனம் தயாரித்தது. கலைஞர் மு. கருணாநிதி வசனம் தீட்ட, எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ (1950) அதன் படைப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அதன் மற்றொரு பெருமை. தலைநகரிலிருந்து இருநூறு மைலுக்கு அப்பால், ஒரு மாவட்ட நகரிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன என்பது எளிய செய்தியன்று.

1963-இல் சுந்தரம் மறைந்தார். பின்னர் படத்தொழில் சென்னையிலேயே குவிந்தது. நிலையம் ஓய்ந்தது, அரங்குகள் மறைந்தன, அவ்விடம் குடியிருப்புப் பகுதியாயிற்று. வளைவு மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்கும் சிறுவனுக்கு, ஒரு காலத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை உணர்த்த அங்கே வேறொன்றும் இல்லை.

ஏன் இடிகின்றன?

உரிமையாளரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நகரம் வளர வளர, கட்டடத்தைவிட அது நிற்கும் மண் விலை மிகுந்ததாகிறது. பழைய வாடகையோ பராமரிப்புக்கே போதாது. சுண்ணாம்புக் காரையையும் தேக்குக் கூரையையும் பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனாரும் தச்சரும் அருகி வருகின்றனர். இடித்து அடுக்குமாடி கட்டினால் வருவாய் பன்மடங்கு பெருகும். இந்தக் கணக்குக்கு விடை காணாமல் பாதுகாப்புப் பற்றிப் பேசுவது வீண்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, ஒரு கட்டடம் பழஞ்சின்னமாக ஏற்கப்பட அதன் வயது 100 ஆண்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 1935-இல் தோன்றிய நிறுவனத்தின் கட்டடங்கள் இன்று நின்றிருந்தாலுங்கூட அந்தத் தகுதியை எட்டியிரா! நூறு வயது நிரம்பும் வரை காப்பாரின்றி நிற்பவை நூறைக் காண்பது எங்ஙனம்?

சென்னை தரும் பாடம்

சென்னை அண்ணா சாலையில் 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்னும் மருந்து வணிக நிறுவனம் எழுப்பிய மாளிகை, பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எனப் பெயர் பெற்றது. 2006-இல் அதை இடிக்கும் பணி தொடங்கியபோது, இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010-இல் தீர்ப்பு வந்தது, இடிப்பு தடுக்கப்பட்டது. அந்த மாளிகையைக் காக்க உதவியது எது? நீதிபதி பத்மநாபன் குழு முன்னரே தயாரித்திருந்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது என்பதே! பட்டியலில் இருப்பதற்கு வழக்கு உண்டு. இல்லாததற்கு வருத்தம் மட்டுமே உண்டு.

எனினும் இடிபடாமல் தப்புவது மட்டும் போதாது. பயனின்றிப் பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் அம்மாளிகை மேலும் சிதைந்தது. ஆள் புழங்காத கட்டடத்தை மழையும் அரசஞ்செடியும் மெல்ல இடித்துவிடும். கட்டடத்திற்கு உயிர் அதன் பயன்பாடே ஆகும்.

பிற நாடுகள் காட்டும் வழி

இலண்டனின் கோவண்ட் கார்டன் காய்கனிச் சந்தை 1974-இல் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. மக்கள் போராடியதால் அப்பகுதியை இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது; பழைய சந்தைக் கட்டடம் செப்பனிடப்பட்டு 1980-இல் கடைகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. பாரிஸின் லே ஆல் சந்தையோ 1971 முதல் இடிக்கப்பட்டது. அதன் இரும்புக் கூடம் ஒன்று மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறோர் ஊரில் நிறுத்தப்பட்டது. நம் சேலத்து வளைவின் கதையும் இதுதானே!

பம்பாய் நகரம் 1995-இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. பழைய கட்டடத்தின் மேல் அடுக்குகள் எழுப்ப இயலாத உரிமையாளர், அந்தக் கட்டும் உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுப் பொருள் பெறலாம். ஊர் தன் வரலாற்றைக் காக்கிறது, உரிமையாளரும் நட்டப்படுவதில்லை. நான் மேலே கூறிய கணக்குக்கு இது ஒரு நல்ல விடை.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டிலும் 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் உள்ளது என்று சொல்ல வேண்டியவர் யார்? உள்ளூரை அறிந்த நாமே. செவ்வாய்ப்பேட்டையின் தானிய மண்டிகள், திருச்செங்கோடு, இராசிபுரம் கடைவீதிகளின் பழைய கடைகள் ஆகியவற்றை நம் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் பார்த்து எழுதிவிடலாம். கட்டிய ஆண்டு, கட்டியவரின் தொழில், சுவர் கல்லா செங்கல்லா, இன்று அங்கு நடக்கும் வணிகம் என நான்கு வரி போதும். கூடவே ஒரு புகைப்படம். பெரியவர்களிடம் கேட்டறிய வேண்டியவற்றை இன்றே கேட்டாக வேண்டும்.

நகரம் வளரத்தான் வேண்டும். சாலைகள் அகலத்தான் வேண்டும். எல்லாப் பழங்கட்டடங்களையும் காப்பது இயலாது; தேவையுமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்து முடிவெடுக்க முதலில் பட்டியல் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு வெறும் வளைவுகளை விட்டுச் செல்லாமல், விளக்கெரியும் கடைகளையும் ஆள் புழங்கும் கூடங்களையும் விட்டுச் செல்வோமாக!