தொண்ணூறு வாக்குகள்

பர்மா எல்லையில், மணிப்பூர் ராஜ்யத்தின் கடைக்கோடியில், மோரே என்றொரு சிற்றூர் உண்டு. 1962-க்குப் பிறகு பர்மாவில் கடையையும் நிலத்தையும் இழந்து தாயகம் வந்த தமிழர்களுள் சிலர், தமிழ்நாட்டு முகாம்களில் மனம் ஒட்டாமல், தாங்கள் பிறந்து வளர்ந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்றனர். எல்லை அடைபட்டிருந்தது. அவர்கள் தங்கிவிட்ட ஊர்தான் மோரே. அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். தமிழ்ச் சங்கம் கண்டார்கள். மோரேயிலிருந்து தலைநகரான இம்பாலுக்குச் செல்லும் தமிழ் வியாபாரி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறார். மலையிறங்கிச் சமவெளிக்கு வந்து, இம்பாலை நெருங்கும்போது அவர் கடந்து செல்கிற ஊர் தௌபால்.

இந்தச் சாலையில் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி சைக்கிளில் சென்று வாக்குக் கேட்டார். அவர் பெயர் இரோம் ஷர்மிளா. மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பு அவருக்கு இல்லை. ஊர் ஊராகச் சென்று, வீட்டு வாசலில் நின்று, அரசாங்கத்தில் நேர்மை வேண்டும், துப்பாக்கிக்குப் பதில் சொல்லும் கடமை வேண்டும் என்று பேசினார். மார்ச் 11-ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. அவருக்குக் கிடைத்தவை தொண்ணூறு. வேட்பாளர் எவரும் வேண்டாம் என்று குறித்தவர்கள் கூட அத்தொகுதியில் 143 பேர் இருந்தார்கள்.

உலகறிந்த ஒரு பெண்மணிக்கு இது எப்படி நேர்ந்தது? வெளி ராஜ்யங்களில் வாழும் நாம், அங்கங்கே நடைபெறும் சட்டசபைத் தேர்தலை அயல் வீட்டுக் கல்யாணம் போலப் பார்த்துப் பழகிவிட்டோம். பந்தலைப் பார்ப்போம், உள்ளே போகமாட்டோம். ஆனால் ஒரு ராஜ்யத்தின் சட்டசபை எதைச் செய்யவல்லது, எதைச் செய்யவியலாது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தத் தொண்ணூறு வாக்குகளைப் போல் உதவும் கணக்கு வேறொன்றை நான் கண்டதில்லை.

கதை 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி தொடங்குகிறது. இம்பாலுக்கு அருகில் மாலோம் என்னும் இடத்தில், பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையினரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். படையினர் சென்ற வழியில் அதற்குச் சற்று முன்னர் குண்டு வெடித்திருந்தது. மாண்டவர்களுள் ஒரு முதிய பெண்மணியும், சிறுவயதிலேயே தேசிய வீரதீர விருது பெற்றிருந்த ஓர் இளைஞரும் இருந்தனர். ஷர்மிளாவுக்கு அப்போது வயது 28. கவிதை எழுதும் பெண். அந்த மாதமே உண்ணாவிரதம் தொடங்கினார். அவருடைய கோரிக்கை ஒன்றே: ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நீக்கப்பட வேண்டும்.

அந்தச் சட்டம் 1958-ஆம் ஆண்டு பார்லிமெண்டில் நிறைவேறியது. ‘அமைதி குலைந்த பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், ஹவில்தார் நிலையில் உள்ளவரும் எச்சரிக்கை செய்தபின், உயிர் போகுமளவுக்குச் சுடலாம். வாரண்டின்றிக் கைது செய்யலாம். வீடு புகுந்து சோதனையிடலாம். மத்திய சர்க்காரின் முன்னனுமதியின்றி அவர்மீது வழக்குத் தொடர முடியாது. ராணுவத்தார் இதற்குக் கூறும் காரணத்தையும் நாம் கேட்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எதிரியுடன் போரிட அனுப்பப்படுகிற சிப்பாய், ஒவ்வொரு குண்டுக்கும் கோர்ட்டுப் படியேற வேண்டுமென்றால் அவன் எப்படிக் கடமையாற்றுவான் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் ஜீவன் ரெட்டி தலைமையில் சர்க்காரே நியமித்த குழு, 2005-இல் இச்சட்டத்தை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சந்தோஷ் ஹெக்டே கமிஷன், மாதிரிக்கு எடுத்து ஆராய்ந்த ஆறு சம்பவங்களில் ஒன்றுகூட உண்மையான மோதல் அல்ல என்று கண்டது. குற்றம் செய்தவர் யாராயினும் விசாரணையுண்டு என்னும் நம்பிக்கை இல்லாத இடத்தில், ராஜ்யம் என்ற சொல்லுக்கே மதிப்புக் குறைந்துபோகிறது.

ஷர்மிளாவின் உண்ணாவிரதம் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. தற்கொலைக்கு முயன்றார் என்று வழக்கு, ஆஸ்பத்திரியில் காவல், மூக்கில் செலுத்திய குழாய் வழியாக ஆகாரம். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. ஆகவே ஆண்டுதோறும் விடுதலை செய்வார்கள். அவர் மீண்டும் உண்ண மறுப்பார். மீண்டும் கைது செய்வார்கள். இந்த விநோதச் சடங்கு பதினாறு முறை அல்ல, அதற்கும் மேலாகவே நடந்திருக்கக்கூடும். எண்ணிக்கை இங்கே முக்கியமன்று.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி, உள்ளங்கையில் விட்ட சிறிது தேனைச் சுவைத்து அவர் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார். தேர்தலில் நிற்கப்போவதாகவும், முதல் மந்திரியாக விரும்புவதாகவும் சொன்னார். கேட்டவர்கள் பலர் திகைத்தனர். மத்திய சர்க்காரின் சட்டத்தை நீக்க ஒரு ராஜ்யத்து முதல் மந்திரியால் எப்படி முடியும்?

இங்கேதான் சட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சட்டத்தை நீக்குவது பார்லிமெண்டின் அதிகாரம் என்பது உண்மையே. ஆனால் ஒரு பகுதியை ‘அமைதி குலைந்தது’ என்று அறிவித்தால்தான் சட்டம் அங்கே உயிர் பெறுகிறது. அவ்வாறு அறிவிக்கும் அதிகாரம் முதலில் ராஜ்யத்தின் கவர்னருக்கே இருந்தது. 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மத்திய சர்க்காருக்கும் அளித்தது. மணிப்பூரில் ஷர்மிளா தேர்தலில் நின்ற காலத்தில், இந்த அறிவிப்பை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தது ராஜ்ய சர்க்கார்தான். 2004-இல் ஒரு பெண்மணியின் மரணத்தையொட்டி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இம்பால் நகரசபை எல்லையிலிருந்து சட்டத்தை விலக்கியதும் ராஜ்ய சர்க்காரே. திரிபுராவில் மாணிக் சர்க்கார் முதல் மந்திரியாக இருந்தபோது, 2015 மே மாதத்தில், மந்திரிசபை முடிவு செய்து ராஜ்யம் முழுவதிலுமிருந்து இதை விலக்கியது. ஆகவே ஷர்மிளாவின் கணக்கு சட்டப்படி சரியான கணக்கு. பதினாறு ஆண்டுகள் டில்லியைப் பார்த்து உண்ணாதிருந்தவர், சாவியில் ஒன்று இம்பாலிலேயே தொங்குகிறது என்பதைச் சுட்டிக் காட்டினார்.

சட்டக் கணக்கு சரி. வாக்குக் கணக்கு வேறு. உண்ணாவிரதத்தை முடித்த அன்று இரவு அவர் தங்குவதற்குக் கூட இடம் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் மறுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் காவலில் இருந்த ஆஸ்பத்திரிக்கே அவர் திரும்ப வேண்டியிருந்தது. தங்கள் பொருட்டு ஒருவர் துன்பப்படுவதைக் கண்டு கைகூப்பிய ஊரார், அவர் சாதாரண மனுஷியாக வாழ விரும்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தியாகியைப் பீடத்தில் வைத்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம் என்ற எண்ணம் எந்த ஊருக்கும் புதிதன்று.

அக்டோபரில் அவர் மக்கள் மறுமலர்ச்சி நீதிக் கூட்டணி என்ற பொருள்படும் கட்சியைத் தொடங்கினார். தேர்தலுக்கு ஐந்து மாதங்களே இருந்தன. 60 இடங்கள் கொண்ட சட்டசபைக்குக் கட்சி நிறுத்தியது மூன்றே வேட்பாளர்களை. பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். அவர் நின்றதோ, 2002 முதல் முதல் மந்திரியாக இருந்த ஓக்ராம் இபோபி சிங்கின் சொந்தத் தொகுதியில். பதவியில் இருப்பவர் மனுக் கொடுத்தவருக்குச் சாலை போட்டுத் தந்திருப்பார். யாருக்கோ வேலை வாங்கித் தந்திருப்பார். ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு எழுதியிருப்பார். தம் தொகுதிக்காரர் முதல் மந்திரியாக இருப்பதில் ஊருக்கு உண்டாகும் லாபத்தை, ஊரார் எளிதில் விட்டுக்கொடுப்பார்களா? போதாக்குறைக்கு, அந்தக் குளிர்காலம் முழுவதும் நெடுஞ்சாலை மறியலால் மணிப்பூரில் பெட்ரோலும் சமையல் வாயுவும் அரிதாகிவிட்டன. புதிய ஜில்லாக்கள் அமைத்த சச்சரவே ஊரெல்லாம் பேச்சு. சிறப்பு அதிகாரச் சட்டத்தைப் பெரிய கட்சிகள் எதுவும் முன்னே நிறுத்தவில்லை.

முதல் மந்திரிக்கு 18,649 வாக்குகள் கிடைத்தன. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கேனும் பெறாதவர் கட்டிய பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் தொகையை இழப்பார் என்பது விதி. அந்தக் கோட்டுக்கு ஷர்மிளா வெகு தொலைவில் நின்றுவிட்டார்.

இதைக் கொண்டு தௌபால் மக்கள் நன்றி மறந்தவர்கள் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. சட்டசபைத் தேர்தலில் வாக்காளர் கையில் ஒரே ஒரு வாக்கு இருக்கிறது. ரேஷன், சாலை, மருந்து, வேலை, நீதி ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே வாக்கில் ஏற்றியாக வேண்டும். ‘இச்சட்டம் வேண்டுமா, வேண்டாமா?’ என்று அவர்களை யாரும் தனியே கேட்கவில்லை. ஷர்மிளாவின் பக்கத்திலும் குறையுண்டு. ஒரு தொகுதியில் வேரூன்றிய தொண்டர்கள் இல்லாமல், ஐந்து மாதக் கட்சியை வைத்துக்கொண்டு, மிகப் பலமான எதிரியைத் தேர்ந்தெடுத்தது துணிவுதான், வெற்றிக்குரிய வழியன்று. அரசாங்கத்தின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிற வேட்பாளர், தெருவிளக்கைப் பற்றியும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவர் எழுப்பிய பிரச்னை வாக்கு எண்ணிக்கையோடு அடங்கிவிடவில்லை. அதே 2017 ஜூலையில், மணிப்பூரில் நடந்ததாகக் கூறப்பட்ட சட்டவிரோதக் கொலைகளை மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்குமாறு சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 2022 ஏப்ரலில் 15 காவல் நிலையங்களின் எல்லையில் ‘அமைதி குலைந்த பகுதி’ அறிவிப்பு நீங்கியது. 2023 மே மாதம் மூண்ட கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. 2024 நவம்பரில் ஆறு காவல் நிலையங்களின் எல்லையில் அறிவிப்பு மீண்டும் வந்தது. ஷர்மிளா இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று சொல்லி மணிப்பூரை விட்டு வெளியேறி, 2017 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில் மணம் புரிந்துகொண்டார். நாம் பிழைப்புத் தேடி வடக்கே வந்தோம். அவர் அமைதி தேடித் தெற்கே போனார்!

இன்னொரு செய்தி. மாலோமில் துப்பாக்கி வெடித்த அதே 2000 நவம்பர் 2-ஆம் தேதி, டில்லி ஹைகோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆமதாபாத்துப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, படிப்பு ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்றது தீர்ப்பு. மத்திய சர்க்கார் அப்பீல் செய்தும், 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதையே உறுதி செய்தது. பின்பு அதைக் குறுக்க முயன்ற சட்டப் பிரிவு ஒன்றையும் 2003 மார்ச்சில் செல்லாததாக்கியது. அன்று முதல் ஒவ்வொரு வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். 2013-க்குப் பிறகு அதில் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விட முடியாது. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சொந்த ஊரில் இருப்பவருக்கு இந்தக் காகிதம் அவ்வளவாகத் தேவையில்லை. வேட்பாளரின் தாத்தா யார், நிலம் எப்படி வந்தது என்று டீக்கடையிலேயே தெரிந்துவிடும். தாராவியிலோ, டில்லி கரோல்பாக்கிலோ, பெங்களூரிலோ இருக்கும் நமக்கு அந்தப் பேச்சு காதில் விழாது. விழுந்தாலும் பாஷை புரியாது. நேர்மையைப் பற்றி மேடையில் முழங்குகிறவர் நேர்மையானவர்தாமா என்று சோதிக்க நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பத்திரம்தான். தேர்தல் அதிகாரியின் அலுவலக அறிவிப்புப் பலகையிலும், தேர்தல் கமிஷனின் இணையதளத்திலும் அதைப் பார்க்கலாம்.

ஆனால் பார்த்து முடிவு செய்ய, முதலில் பட்டியலில் பெயர் வேண்டும். நம்மவர் பலர் இங்கே இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் வாக்கைத் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே ஒருவரை அவ்விடத்து வாக்காளராக்காது; வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அதுவே அவர் தொகுதி என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பதற்கும் அது இடந்தரவில்லை. குடிபெயர்ந்தவர்கள் எட்டாம் எண் படிவத்தையும், முதன்முறை சேருபவர்கள் ஆறாம் எண் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வேட்புமனு தாக்கல் செய்யும் கடைசி நாள் கழிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. ஆகவே சுவரொட்டி ஒட்டத் தொடங்கும் வரை காத்திராமல், தேர்தல் பேச்சே இல்லாத மாதங்களில் போய்க் கொடுத்துவிட்டு வருவது நல்லது.