நெற்றி விளக்கு: 40 சென்டிமீட்டருக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

சிங்கப்பூரின் பூன் லே ரயில் நிலையத்தைத் தாண்டி மேற்கே போனால் துவாஸ் வரைக்கும் பெரும்பாலும் பட்டறைகளும் தொழிற்சாலைகளும்தான். கப்பல் பழுதுபார்ப்பு, குழாய் பொருத்துதல், மின்கம்பி இழுத்தல், சாரம் கட்டுதல் என்று அங்கே நடக்கும் வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது வெளிச்சம் நெற்றியிலிருந்துதான் வர வேண்டும். அந்த விளக்கை வாங்கப் போனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இரண்டு எண்கள் கண்ணில் படும்: இத்தனை லூமென், இத்தனை மீட்டர். கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்பவருக்கு இந்த இரண்டும் அதிகம் உதவாது.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. மீட்டர் கணக்கு இன்னும் ஏமாற்றும். கைவிளக்குகளுக்கான அமெரிக்கத் தர விதிப்படி, ஒளி 0.25 லக்ஸாகக் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) குறையும் இடம்தான் அந்த விளக்கின் எட்டும் தூரம். 0.25 லக்ஸ் என்றால் முழுநிலா வெளிச்சம். அதில் பாதை தெரியும், திருகாணி தெரியாது.

‘100 மீட்டர்’ என்று எழுதிய விளக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒளிச்செறிவு 2,500 கேண்டலா. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும். ஆகவே 10 மீட்டரில் அது 25 லக்ஸ் தரும். கப்பல் தொட்டியின் மறுகோடியில் நிற்கும் சகஊழியரின் கைச்சைகையைப் பார்க்கவும், ஏணி எங்கே தொடங்குகிறது என்று அறியவும் அது போதும். அதே விளக்கைக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கும் வால்வின் மேல் அடித்தால் 15,000 லக்ஸுக்கு மேல் விழும். அலுவலக மேசைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 500 லக்ஸ்தான். வெள்ளை இரும்பில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியில் கண்மணி சுருங்கிவிடும். பிறகு தலையைத் திருப்பினால் பக்கத்துப் படிக்கட்டு இருட்டாகிவிடும். தடுக்கி விழுவது அப்போதுதான்.

40 சென்டிமீட்டரில் 500 லக்ஸ் கிடைக்க 80 கேண்டலா போதும். அது பரந்து, ஓரம் மங்காமல், சீராக விழ வேண்டும். கிட்ட வேலைக்கும் சில மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்கும் ஒரே கற்றை ஒத்துவராது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பரந்த கற்றை ஒன்று, குவிந்த கற்றை ஒன்று, இரண்டையும் கையுறையோடு மாற்றக்கூடிய பொத்தான்: வாங்க வேண்டிய விளக்கு இதுதான். கடையிலேயே ஒரு கை நீளத்தில் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கறுப்பு வளையமும் தெரிந்தால் அது தூரத்துக்கான விளக்கு.

மின் வேலைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் மின்கம்பி நிறங்கள் 2009-ல் மாறின. முன்பு மும்முனைக் கம்பிகள் சிவப்பு, மஞ்சள், நீலம். நடுநிலைக் கம்பி கறுப்பு. இப்போது மும்முனை பழுப்பு, கறுப்பு, சாம்பல், நடுநிலை நீலம். பழைய கட்டடங்களில் இரண்டு முறையும் கலந்தே கிடக்கும். ஒரு காலத்தில் நடுநிலையாக இருந்த கறுப்பு இன்று மின்சாரம் பாயும் கம்பி. மலிவான நீலம் கலந்த வெள்ளை ஒளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். பெட்டியில் நிறங்களைக் காட்டும் திறனைக் குறிக்கும் ‘சிஆர்ஐ’ 90 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும். 70 என்றால் கம்பி வேலைக்கு வேண்டாம். ஒளி நன்றாக இருந்தாலும் சோதனைக் கருவி வைக்காமல் தொடக் கூடாது என்பது தனி விதி.

கடைசல் இயந்திரம், சாணைக்கல் அருகே வேலை என்றால் ஒளி துடிக்கக் கூடாது. சில விளக்குகள் ஒளியைக் குறைக்க நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரியும். அந்த ஒளியில் சுழலும் சக்கரம் நின்றிருப்பதுபோலவும் தோன்றலாம். ஒரு பேனாவைக் கற்றைக்குள் வேகமாக ஆட்டிப் பாருங்கள். பல பேனாக்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த விளக்கை வாங்காமல் வைத்துவிடுங்கள்.

தூசியும் புகையும் சூழ்ந்த இடத்தில் நெற்றியிலிருந்து புறப்படும் ஒளி துகள்களில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பும். அங்கே விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடிப்பது நல்லது.

எரியும் நேரமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. தொடக்க ஒளி பத்தில் ஒன்றாகத் தேயும்வரை ஓடும் நேரத்தையே பெட்டியில் எழுதுகிறார்கள். ஓவர்டைமோடு 12 மணி நேரம் நிற்பவருக்கு மாற்று பேட்டரி கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை தொட்டிக்குள் இறங்குவோருக்கு. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். எரிபொருள் தொட்டியில் கலந்திருந்த கச்சா எண்ணெயின் ஆவி, இரும்பு வெட்டும் தீயில் பற்றிக்கொண்டது. சாதாரண நெற்றி விளக்கின் பொத்தானிலும் பேட்டரி முனையிலும் அப்படிப் பற்றவைக்கும் பொறி எழலாம். ஆகவே எரிவாயு இருக்கக்கூடிய இடத்துக்கு ‘எக்ஸ்’ குறி பொறித்த, அந்த இடத்தின் அபாய வகைக்குச் சான்று பெற்ற விளக்கு மட்டுமே போக வேண்டும். கூடவே ‘டி4’ என்று இருந்தால் அதன் மேற்பரப்பு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். இவை பொதுவாக ஒளி குறைந்தவை, விலை கூடியவை. ஒளி பத்தவில்லை என்று சொந்த விளக்கை எடுத்துப் போவது உயிரோடு விளையாடுவது. இறங்கிய இடத்தில் விளக்கைத் திறந்து பேட்டரி மாற்றுவதும் அப்படித்தான்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அடைபட்ட இடத்துக்குள் நுழையப் பெர்மிட் வேண்டும்; உயிர்வாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, எரிவாயு வெடிக்கும் கீழ்வரம்பில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். போதிய வெளிச்சம் தருவதும் முதலாளியின் பொறுப்பு. தம்பிமார்களே, முஸ்தபா கடையில் நீங்கள் உங்கள் காசில் வாங்கும் விளக்கு சாரத்துக்கும் வாகனப் பழுதுக்கும் அறைக்கும் இருக்கட்டும். தொட்டிக்குள் இறங்கச் சொன்னால், சூப்பர்வைசரிடம் சான்று பெற்ற விளக்கைக் கேட்டு வாங்குங்கள். தராதவரை இறங்காதீர்கள்.