பசுவுக்கு நாள் குறிக்கும் ஊசி

பொரளைச் சந்தியில் தேநீர் அருந்துவோர் பலரின் கோப்பையிற் கலப்பது கடல் கடந்து வந்த பால்மாவே. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அதற்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது கொழும்பு மக்கள் கடைவாயில்களில் வரிசையாய் நின்றனர். உள்நாட்டுப் பால் பெருக வேண்டுமாயின் பசு காலந்தவறாது கன்று ஈன வேண்டும். கன்றில்லையேல் பாலில்லை.

பசுவின் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வருவது. அரைநாள் முதல் முக்கால்நாள் வரையே நிலைப்பது. பல வேளைகளில் இரவிலே தோன்றி விடியுமுன் மறைந்துவிடும். கொழும்புக்குப் பால் அனுப்பும் மலையகத்திலே, காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் குடும்பத்தார் அதனைக் காணாது விடுவது இயல்பே. தவறினால் மேலும் மூன்று வாரத் தீனி வீணாகும்.

இவ்விடருக்கு விஞ்ஞானம் கண்ட வழி யாது? சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியபின் அங்கே மஞ்சட் சடலம் என்னும் சிறு திரள் தோன்றுகிறது. அது சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன் அடுத்த பருவம் வாராது தடுக்கும். பசு கருவுறாவிடின், கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் அச்சடலத்தைக் கரைத்துவிடும். மிருக வைத்தியரின் ஊசி அவ்வேலையையே முன்கூட்டிச் செய்கிறது. 2 முதல் 5 நாட்களுக்குள் பருவம் வரும். புதிதாய்த் தோன்றிய சடலம் இம்மருந்துக்குக் கரையாது. ஆதலின் 11 நாள் இடைவெளியில் இருமுறை ஊசி ஏற்றுவர். ஒரு தோட்டத்துப் பசுக்கள் பலவும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பருவமடைய, சினைப்படுத்துவோரின் வேலையும் எளிதாகும்.

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முறையிலோ பருவக்குறி பார்க்க வேண்டியதேயில்லை. மூன்று ஊசிகளின் பின் குறித்த நேரத்திற் சினைப்படுத்தலாம்.

இப்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா எனத் தாய்மார் வினவக்கூடும். புரோஸ்டாகிளாண்டின் பசுவின் உடலிலேயே விரைவிற் சிதைந்துவிடும். எனினும் எம்மருந்தாயினும் வைத்தியர் கூறும் காலவரையறையைக் கைக்கொள்ளல் நன்று.

எச்சரிக்கையும் வேண்டும். சினைப்பசுவுக்கு இவ்வூசியை ஏற்றினாற் கரு கலையும். ஆகவே பரிசோதனை முதலில் நடைபெறல் அவசியம். மருந்து தோலினூடாகவும் உடலுட் புகுமாதலால், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா நோயினரும் அதனைத் தொடலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. ஊசி நாளைக் குறிக்குமேயன்றிக் கருவைத் தராது. என்பு தெரிய மெலிந்த பசுவின் சூலகம் உறங்கிக் கிடக்கும்; கரைப்பதற்கு அங்கே மஞ்சட் சடலமே இராது. அதற்கு முதல் மருந்து வயிறு நிறையப் புல்லும் தண்ணீருமே. ஊசிக்குச் செலவிடுமுன் தொட்டியை நிரப்புவதே அறிவுடைமையாகும்.