வெள்ளம் வடிந்தது... விஷம் வடிந்ததா?

"ஆத்து வெள்ளம் ஏறி இறங்கினா வயலுக்கு நல்லதுதானே? வண்டல் சேருமே!"

நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. சுருளகோடு பக்கம் புறப்பட்டு, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைத் தொடுகிற பழையாறு, கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தண்ணீரோடு வண்டலையும் தந்த ஆறு. ஆனால் இப்போது நாகர்கோவிலின் சாக்கடைத் தண்ணீரும் குப்பையும் அதில் கலக்கிறதே! 2021 நவம்பர் மழையில் வயலும் வாழைத்தோட்டமும் மூழ்கியபோது உள்ளே வந்தது வெறும் மழைத் தண்ணீர் மட்டுமா?

வண்டலை வளமாக்குவது அதிலுள்ள மெல்லிய களியும் மக்கிய பொருளும். வேடிக்கை என்னவென்றால், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அவைதான்! பழைய பேட்டரி, பெயின்ட், பட்டறைக் கழிவு, சில பாஸ்பேட் உரங்கள் என்று பல வழிகளில் இவை மண்ணுக்கு வருகின்றன. சாணி மாதிரி மக்கிப் போகாது. வந்தால் வந்ததுதான்.

இரண்டில் ஈயம் செடிக்குள் அதிகம் ஏறாது. மண்ணாக, தூசியாகக் கீரையில் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சப்புகிற குழந்தைக்குத்தான் ஆபத்து. பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடம்பு இழுத்துக்கொள்ளும்; மூளை வளர்ச்சி பாதிக்கும்.

காட்மியம் வேறு ரகம். வேர் வழியாக நெல்மணிக்கே போய்விடும். வயலில் தண்ணீர் நிற்கும்வரை கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடக்கும். அறுப்புக்காகத் தண்ணீரை வடித்து மண் காய்ந்ததும் கரைந்து பயிருக்குள் ஏறும். ஜப்பானில் ஜின்ட்ஸு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு பாய்ந்த வயல் அரிசியைச் சாப்பிட்ட பெண்களுக்கு எலும்பு முறிகிற 'இதாய் இதாய்' நோய் வந்தது இப்படித்தான். 1968-ல் அந்நாட்டு அரசே அதை ஒப்புக்கொண்டது. அது பெரிய சுரங்கத்தின் கதை, பழையாற்றுக்கு அப்படியே பொருந்தாது, பயப்பட வேண்டாம். ஆனாலும் சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருஷம் ஆகும்!

அடுத்து பிளாஸ்டிக். 2018-ல் சுவிட்சர்லாந்தின் பாதுகாக்கப்பட்ட ஆற்றோர மண்ணைச் சோதித்தபோதே, எடுத்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அங்கேயே அப்படியென்றால் நம்ம ஆற்றங்கரை? 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கேரி பை தடை; பழையது மட்கவில்லை, துண்டு துண்டாகிறது, அவ்வளவுதான்.

"அப்போ கொளுத்திடலாமா?" வேண்டவே வேண்டாம்! கலர் பிளாஸ்டிக், பழைய பி.வி.சி. பைப் இவற்றிலுள்ள ஈயமும் காட்மியமும் சாம்பலில் தங்கிவிடும். அதை உரம் என்று கீரைப் பாத்தியில் தூவுகிற வீடுகள் எத்தனை!

கீரையை நாலு தண்ணீரில் அலசுங்கள். கிழங்கைத் தோல் சீவிச் சமையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு இந்த உலோகங்களை அதிகமாக உறிஞ்சும் என்பதால், ரத்தசோகை உள்ள பெண்களும் குழந்தைகளும் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தீர்ந்த பேட்டரியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கும். ஈயம், காட்மியம் அதில் இருக்காது. ஆனால் கார அமில நிலை இருக்கும். அது 6-க்குக் கீழே இருந்தால் காட்மியம் சுலபமாகச் செடிக்குள் ஏறும். எவ்வளவு சுண்ணாம்பு போடலாம் என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.