டிப்பர் வாங்குவதா? சாதா டிரெய்லர் போதுமா?

டிராக்டர் இருக்கிறது. பின்னால் மாட்ட எந்த டிரெய்லரை வாங்குவது? பெங்களூரில் கட்டிட வேலைக்கு லோடு அடிக்கும் நம்மவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் கடன் வாங்கப் போகிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் உறவினரைத் தேடிப் பிடித்து ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார்கள். ஆகவே ஓட்டுகிறவர் மட்டும் அல்ல, கையெழுத்துப் போடுகிறவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிப்பரில் தொட்டிக்கு அடியில் ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கும். டிராக்டரின் பம்பில் இருந்து குழாய் வழியாக எண்ணெய் வந்து ஜாக்கியைத் தள்ளும். தொட்டியின் முன்பக்கம் மேலே எழும்பும். பின்கதவைத் திறந்துவிட்டால் மணல், ஜல்லி, இடிபாடு எல்லாம் தானாகச் சரிந்துவிடும். சாதா டிரெய்லரில் அதையே மண்வெட்டியால் தள்ள வேண்டும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல் ஏறக்குறைய நாலரை டன். நனைந்திருந்தால் இன்னும் கூடும். இரண்டு ஆட்கள் அதை இறக்கி முடிப்பதற்குள் டிப்பர்க்காரர் அடுத்த நடைக்குப் புறப்பட்டுவிடுவார்.

அப்படியானால் டிப்பரே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம்.

செங்கல்லைக் கொட்டினால் உடைந்த கல்லுக்கு யார் பணம் தருவது? கிரானைட் பலகை, சிமெண்டு மூட்டை, ஓடு எதையும் கொட்ட முடியாது. லால்பாக் பக்கம் சித்தாபுரம் நர்சரிகளில் செடி ஏற்றுகிறவர்களைக் கேளுங்கள். பூந்தொட்டியையும் சுருட்டிய புல்தரையையும் கைக்குழந்தையை இறக்குவதுபோல்தான் இறக்க வேண்டும். தோட்ட வேலைக்குத் தாழ்வான தளமும், திறந்து மடக்கும் பக்கப் பலகையும் உள்ள சாதா டிரெய்லரே லாயக்கு. விலையும் குறைவு, பழுதும் குறைவு. டிப்பரிலும் செங்கல் ஏற்றிக் கையால் இறக்கலாம்தான். ஆனால் ஜாக்கிக்குக் கட்டும் வட்டி வீண்.

கூலி யார் தருவது?

இன்னொரு கணக்கைப் பலர் பார்ப்பதில்லை. இறக்குகூலியை வீட்டுக்காரரோ மேஸ்திரியோ தருகிறார் என்றால், டிப்பரால் மிச்சமாகும் கூலி அவருக்குத்தான். உங்களுக்கு மிச்சம் நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் இன்னொரு நடை கிடைத்தால் லாபம். குவாரியில் வரிசையிலும், வழியில் நெரிசலிலும் அது போய்விட்டால் ஒன்றும் இல்லை. ஒரு மாத நடைகளை நோட்டில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மணலும் மண்ணும் என்றால் டிப்பர். செங்கல், செடி, கம்பி கலந்து வந்தால் சாதா டிரெய்லர். இறக்குகூலியை நம்பிப் பிழைக்கும் ஆட்களுக்கும் அதில்தான் வேலை.

டிப்பர் வாங்குகிறவர்கள் கவனிக்க: சரிவான இடத்தில் தொட்டியைத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழும். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கக் கூடாது. தூக்கிய தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையவே கூடாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் தொட்டி நொடியில் இறங்கிவிடும்.

ஜாமீன் போடுகிறவர் டிரெய்லரின் பதிவையும் இன்சூரன்சையும் கேட்டுப் பார்க்க வேண்டும். டிராக்டருக்கு இருந்தால் மட்டும் போதாது. விவசாயத்துக்கு என்று இன்சூர் செய்த வண்டியில் வாடகைக்கு ஜல்லி ஏற்றி விபத்து நடந்தால், கம்பெனி பணம் தர மறுக்கலாம். அப்போது இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும். தவணை நிற்கும். பேங்க் நோட்டீஸ் ஜாமீன்தாரர் வீட்டுக்கும் வரும்.